மொறிஸ் மைனரின் ஹெட் கஸ்கெற் மாற்றுதல்: வன்னித் தண்ணிக்கும் வெக்கைக்கும் ஏற்றபடி

மொறிஸ் மைனர் காரில் ஹெட் கஸ்கெற் (எஞ்சின் பிளொக்குக்கும் அதன்மேல் மூடியாக இருக்கும் ஹெட்டுக்கும் நடுவே வாயுவும் தண்ணியும் கசியாமல் அடைக்கும் தகடு) மாற்றுவது ஒரு பகல் வேலை. லேத்துக்குப் போகவேண்டி வந்தால் இரண்டு மூன்று நாள். மாற்றிய கஸ்கெற் அடுத்த சோளகக் காற்றுக் காலத்துக்குள் திரும்பவும் போகிறது என்றால், முதல் கஸ்கெற்றைத் தின்ற காரணம் எஞ்சினுக்குள் அப்படியே இருக்கிறது. வன்னியில் அது பெரும்பாலும் தண்ணியிலிருந்துதான் தொடங்கும். கிணற்றுத் தண்ணியின் சுண்ணாம்பு, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு, பிளொக்கின் பின்பக்கத்திலும் றேடியேற்றர் குழாய்களிலும் படிந்துகொண்டே வரும். வெளியே கிரவல் வீதிப் புழுதியும் வைக்கோல் தூசும் றேடியேற்றர் செதிள்களை அடைக்கும். சோளகம் வீசுகிற மாதங்களில் ஏ9 வீதியில் பாரத்தோடு ஒரு கலியாண ஓட்டம் போனால் மிச்சத்தை வெக்கை பார்த்துக்கொள்ளும்.

இங்கே சொல்வது 948 சீசீ, 1098 சீசீ எஞ்சின்களுக்கு. 1956இலிருந்து 948, 1962இலிருந்து 1098 வந்தது. எது உங்களுடையது என்று தெரியாவிட்டால் தைனமோவுக்கு மேலே பிளொக்கில் அறைந்திருக்கும் எஞ்சின் நம்பர் தட்டைத் துடைத்துப் பாருங்கள். 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்று தொடங்கினால் 1098. காரின் வருசத்தை நம்பவேண்டாம், எஞ்சின் மாறாத மைனர் இப்போது அபூர்வம்.

முதலில், போனது கஸ்கெற்தானா?

காரோடு வந்த கிராங்க் கம்பி இன்னும் இருந்தால் அதுவே நல்ல மீற்றர். சுவிச்சை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, பிளக் நான்கையும் பூட்டியபடியே கம்பியை மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்றில் கை நான்கு தடவை இறுகவேண்டும். வெடி ஒழுங்கு 1-3-4-2. ஆகவே கை ‘இறுக்கம், தளர்வு, இறுக்கம், தளர்வு’ என்று ஒன்றுவிட்டு ஒன்று உணர்ந்தால் போனது 2க்கும் 3க்கும் இடையில். அடுத்தடுத்து இரண்டு தளர்வு வந்தால் 1–2 அல்லது 3–4. இந்த எஞ்சினில் 2–3தான் வழமையாகப் போகிற இடம். நடு இரண்டு சிலிண்டரின் புகையும் ஒரே வாசலால் வெளியேறுவதால் சூடு அங்கேதான் குவிகிறது. கொம்பிறஷன் கேஜ் இருந்தால் அளவு எத்தனை என்பதைவிட, பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு ஒன்றாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் வால்வையோ றிங்கையோ சந்தேகியுங்கள்.

2–3 இடையில் போனால் தண்ணி குறையாது, ஒயிலும் கலங்காது. எஞ்சின் உதறும், காபரேற்றர் தும்மும், ஏற்றத்தில் இழுவை இருக்காது. இதை மற்றவர்கள் பொயின்ற், பிளக் என்று மாற்றிமாற்றிக் காசு செலவழித்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள்.

தண்ணிப் பக்கம் போயிருந்தால் வேறு அடையாளம். குளிர்ந்த எஞ்சினில் காற்றாடி பெல்ற்றைக் கழற்றிவிட்டு (பம்ப் சுற்றினால் தண்ணி தானே கொந்தளிக்கும்), றேடியேற்றரைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைத் திறந்தபடி ஸ்ராட் செய்து ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். விடாமல் குமிழி வந்தால் கஸ்கெற், அல்லது ஹெட்டில் வெடிப்பு. டிப் ஸ்ரிக்கில் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தாலும் அதே. ஆனால் ஒயில் ஊற்றுகிற மூடியின் உள்பக்கத்தில் மட்டும் வெண்ணெய்போல் ஒட்டியிருந்தால் பயப்படவேண்டாம். மாரி காலத்தில் சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற கார் எல்லாவற்றிலும் அது இருக்கும்.

வாங்கவேண்டியவை

ஹெட் செற் ஒன்று. அதற்குள் ஹெட் கஸ்கெற், றொக்கர் கவர் கோர்க், மனிபோல்ட் கஸ்கெற், தேர்மோஸ்ரற் கஸ்கெற், வால்வு றப்பர் எல்லாம் வரும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணம், அதுவும் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை. கடையில் ‘மைனர் கஸ்கெற்’ என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வேர்னியரால் கஸ்கெற்றின் சிலிண்டர் துளையை அளந்து பாருங்கள். 948இன் சிலிண்டர் 62.9 மி.மீ., 1098இனது 64.6 மி.மீ. சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்திருந்தால் (மேல்சைஸ் போர்) இன்னும் கூடும். கஸ்கெற்றின் துளை சிலிண்டரைவிடச் சிறிதாக இருந்தால் விளிம்பு நெருப்புக்குள் நீட்டிக்கொண்டு நின்று செந்தணலாகும். பழைய 803இன் கஸ்கெற் இவை இரண்டுக்கும் சரிவராது.

இதோடு தண்ணிப் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் குட்டி பைபாஸ் ஹோஸ், கிளிப் இரண்டு, மேல் கீழ் றேடியேற்றர் ஹோஸ், 20டபிள்யூ-50 ஒயில் 4 லீற்றர், ஒயில் பில்டர். பைபாஸ் ஹோஸ் நல்லாயிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஹெட் பூட்டியிருக்கும்போது அதை மாற்றுவது விரலைத் தோலுரிக்கிற வேலை, ஹெட் கழன்றிருக்கும்போது இரண்டு நிமிடம்.

ஸ்பானர் எல்லாம் அங்குல அளவு: 7/16, 1/2, 9/16. ஹெட் நட்டு 9/16. மி.மீ. ஸ்பானரில் பதினாலு நுழையாது, பதினைந்து போட்டால் நட்டின் முனை உருண்டுவிடும்.

கழற்றுதல்

எஞ்சின் முழுதாகக் குளிரவேண்டும், ஓர் இரவு விட்டால் நல்லது. சூட்டில் நட்டைத் தளர்த்தினால் ஹெட் வளையும்.

பற்றரியில் எந்த முனை காரின் பொடிக்கு (இரும்பு உடலுக்கு) போகிறதோ அதைக் கழற்றுங்கள். மைனர் பிறந்தபோது பிளஸ்தான் பொடியில். ஓல்ற்றனேற்றர் போட்டு மைனஸுக்கு மாற்றிய கார்களும் ஓடுகின்றன. திரும்பப் பூட்டும்போது மாறிப் போகாமல் இப்போதே பெயின்ற் புள்ளி வைத்துவிடுங்கள்.

றேடியேற்றரின் கீழ்த் திருகையும் பிளொக்கின் பின்பக்கத் திருகையும் திறந்து தண்ணியை விடுங்கள். பிளொக்கின் திருகைத் திறந்தும் ஒன்றும் வராவிட்டால் தண்ணி இல்லை என்று நினைக்கவேண்டாம், உள்ளே சேறும் சுண்ணாம்பும் அடைத்திருக்கிறது. அந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி ஒன்றை விட்டுக் குத்தித் திறக்கவேண்டும்.

காற்று வடிகட்டி, காபரேற்றர், சைலன்சர் குழாய்க் கிளாம்ப், மனிபோல்ட், பிளக் வயர்கள், டிஸ்ரிபியூற்றரின் வக்கியூம் குழாய், மேல் ஹோஸ், பைபாஸ் கிளிப் என்று வரிசையாகக் கழற்றுங்கள். பிளக் வயர்களில் 1, 2, 3, 4 என்று ரேப் ஒட்டுங்கள். ஒன்று றேடியேற்றர் பக்கம்.

றொக்கர் கவரை எடுத்தால் றொக்கர்களின் (வால்வுகளை அமுக்கித் திறக்கும் கைகளின்) தண்டு நான்கு தூணில் நிற்பது தெரியும். ஒவ்வொரு தூணிலும் ஒரு பெரிய நட்டும் ஒரு சின்ன நட்டும். அந்தப் பெரிய நட்டு நான்கும் ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. வெளியே பிளக் பக்கம் இன்னும் ஐந்து. மொத்தம் ஒன்பது. றொக்கர்தானே என்று உள் நான்கை மட்டும் முழுதாகக் கழற்றினால் வெளி ஐந்தின் இழுவையில் ஹெட் ஒரு பக்கம் வளையும். ஒன்பதையும் கால் சுற்று, கால் சுற்றாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு மாறிமாறித் தளர்த்துங்கள்.

தள்ளுகம்பி எட்டையும் உருவும்போது முதலில் விரலால் திருகிவிட்டு மெதுவாக எடுக்கவேண்டும். ஒயில் பிடிப்பில் கீழே கம்பியைத் தாங்குகிற ரப்பெற்றும் சேர்ந்து மேலே வந்து, இடம் மாறி விழக்கூடும். ஒரு மட்டைப் பெட்டியில் எட்டுத் துளை குத்தி, எடுத்த ஒழுங்கில் செருகி வையுங்கள். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய சாமான்கள் பழைய இடத்துக்கே போகவேண்டும்.

ஹெட் கிளம்பாவிட்டால் பொருத்துக்குள் ஸ்குரூ ட்றைவரை அடிக்கவேண்டாம். அடித்த இடத்தில் விழுகிற காயம் அடுத்த கஸ்கெற் போகிற வழி. பிளக்குகள் ஹெட்டிலேயே இருக்க, கிராங்க் கம்பியால் சுற்றுங்கள். றொக்கர் இல்லாததால் வால்வு எல்லாம் மூடியிருக்கும், சிலிண்டருக்குள் அமுங்குகிற காற்றே ஹெட்டை ஒட்டலிலிருந்து விடுவிக்கும். பிறகு இரண்டு பேர் இரண்டு முனையிலும் பிடித்து நேர்மேலே தூக்குங்கள். இரும்பு ஹெட், தனியாள் தூக்கினால் சரிந்து ஸ்ரட்டில் (பிளொக்கில் நிற்கும், நட்டுப் பூட்டுகிற புரிக்கம்பியில்) கடிக்கும்.

பழைய கஸ்கெற்றை வாசித்தல்

குப்பைக்குள் போடமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். போன இடத்தில் செம்பு கறுத்து, விளிம்பு கரைந்து, ஒரு சிலிண்டரிலிருந்து மற்றதுக்கு எறும்பு ஊர்ந்த தடம்போல் ஒரு கரிக்கோடு இருக்கும். அதே இடத்தில் ஹெட்டையும் பிளொக்கையும் துடைத்துவிட்டு நகத்தால் குறுக்கே இழுங்கள். நகம் தடக்கினால் சூட்டுவாயு இரும்பையே அரித்திருக்கிறது. ஹெட்டில் என்றால் லேத்தில் சீவிச் சரிப்படுத்தலாம். பிளொக்கில் என்றால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும், புதுக் கஸ்கெற் அதன்மேல் நிற்காது.

தடம் எங்கும் இல்லை, ஆனால் தண்ணி குறைந்தது என்றால் ஹெட் வெடிப்பைத் தேடுங்கள். வால்வு இருக்கைகளுக்கு நடுவே மண்ணெண்ணெய் பூசிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குப் பொடி தடவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் ஈரக்கோடாகத் தெரியும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்களை இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகிக்கவேண்டும். மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னரே தட்டி வெடிக்கும் சாமான். அந்தத் தட்டு கஸ்கெற்றையும் பிஸ்ரனையும் ஒருசேர அடிக்கும். எரியாத மிச்சம் ஒயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும்.

சுத்தமும் அளவும்

சிலிண்டர்களுக்குள் பழைய துணியை அடைத்து, தண்ணித் துளைகளிலும் துணி செருகி, மழுங்கிய சவரத் தகடால் பழைய கஸ்கெற் ஒட்டலைச் சுரண்டுங்கள். கிறைண்டரில் மண்காகிதச் சில்லு பூட்டித் தேய்ப்பவர்கள் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத குழி விடும், அதன் பொடி றிங்குக்குள் போகும்.

நேர்விளிம்பு ஒன்றை ஹெட்டின் நீளவாட்டில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய உருக்குத் தாள்கள்) விட்டுப் பாருங்கள். 2 தௌ தாள் நுழையாவிட்டால் நல்ல ஹெட். 4 தௌ நுழைந்தால் கேள்வியே இல்லை, லேத்துக்கு. (ஒரு தௌ அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று.) நேராகிற அளவுக்கு மட்டும் சீவச் சொல்லுங்கள். நிறையச் சீவினால் கொம்பிறஷன் ஏறித் தட்டத் தொடங்கும்.

இதைவிட முக்கியமானது, அனேகம் பேர் பார்க்காதது: பிளொக்கில் ஸ்ரட் துளைகளின் வாய். வருசக்கணக்காக இறுக்கியதில் துளையைச் சுற்றி இரும்பு ஒரு சின்ன வட்டமாக மேலெழும்பியிருக்கும். விரல் நுனிக்குத் தெரியும். அந்த மேடு ஹெட்டைத் தாங்கிக்கொள்வதால் எவ்வளவு இறுக்கினாலும் கஸ்கெற் முழுதாக நசியாது. இரண்டு நட்டை ஒன்றோடொன்று பூட்டி ஸ்ரட்டைக் கழற்றி, பெரிய ட்றில் நுனியைக் கையாலேயே சுற்றி அந்த வாயைச் சற்றுக் குழியாக்குங்கள். ஸ்ரட் புரியைக் கம்பித் தூரிகையால் துலக்குங்கள். புரி நீண்டு மெலிந்த ஸ்ரட் திரும்பப் போகக்கூடாது.

ஹெட் கையில் இருக்கும்போதே அதைக் கவிழ்த்து, பிளக்கைப் பூட்டி, ஒவ்வொரு குழியிலும் மண்ணெண்ணெய் விட்டு, வாசல் வழியே கசிகிறதா பாருங்கள். கசிந்தால் வால்வு அரைக்கவேண்டும். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றதிலிருந்து புகைவால்வு இருக்கை சீக்கிரம் தேய்கிறது, வால்வு ஹெட்டுக்குள் தாழ்ந்து போய் இடைவெளி குறைந்துகொண்டே வரும்.

இனித் தண்ணிப்பாதை. பிளொக்கின் மேல்துளை ஒவ்வொன்றிலும் வளைந்த கம்பி விட்டுக் கிண்டி, தோட்ட ஹோஸால் அடித்து, பின்பக்கத் திருகால் தெளிந்த தண்ணி வரும்வரை கழுவுங்கள். கடைசிச் சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு கூட. றேடியேற்றரைக் கழற்றி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய தண்ணியோட்டத்தால் செதிள்களைக் கழுவுங்கள். முன்னாலிருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளே இறுகும். மேல் வாயால் விட்ட தண்ணி கீழ் வாயால் அதே வேகத்தில் கொட்டாவிட்டால் றேடியேற்றர்காரரிடம் கொடுத்துக் குழாய்க்குள் கம்பி விட்டு எடுப்பியுங்கள்.

இங்கே வெக்கை என்று சொல்லித் தேர்மோஸ்ரற்றை (சூடேறினால் திறந்து றேடியேற்றருக்குத் தண்ணி விடுகிற வால்வை) கழற்றி எறிவது ஒரு பழக்கம். அடைத்த றேடியேற்றரை அது திறந்துவிடாது. எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமெடுத்து ஒயிலில் சேறு சேர்வதுதான் மிச்சம். சட்டியில் தண்ணி வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தண்ணி கொதிக்கமுன் வாய் நன்றாகத் திறந்தால் அது நல்லது, திரும்பப் பூட்டுங்கள்.

பூட்டுதல்

துணிகளை எடுத்து, ஸ்ரட் துளைகளில் தேங்கிய தண்ணியை உறிஞ்சி, இரண்டு முகத்தையும் பெற்றோல் துணியால் துடையுங்கள். கஸ்கெற்றில் ‘மேல்’, ‘முன்’ என்பதற்கான ஆங்கில எழுத்து அடித்திருக்கும். மேல் வானத்தைப் பார்க்கவும் முன் றேடியேற்றரைப் பார்க்கவும் வையுங்கள். பசை ஒன்றும் வேண்டாம். சிலிக்கன் பூசினால் பிதுங்கி அவிழ்ந்த துண்டு தண்ணித் துளையை அடைக்கும்.

புதுப் பைபாஸ் ஹோஸைத் தளர்ந்த கிளிப்புகளோடு பம்பில் மாட்டிவிட்டு ஹெட்டை நேர்கீழே இறக்குங்கள். தள்ளுகம்பிகளின் நுனியை ஒயிலில் தோய்த்து இறக்கி, ஒவ்வொன்றும் ரப்பெற் குழியில் அமர்ந்துவிட்டதா என்று அசைத்துப் பாருங்கள். றொக்கரின் சரிசெய் திருகுகளை நன்றாகப் பின்வாங்கிவிட்டுத் தண்டை வையுங்கள்.

ஒன்பது நட்டையும் நடுவிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் மாறிமாறி ஓரத்துக்கு, மூன்று சுற்றில் இறுக்குங்கள்: முதல் 15, பிறகு 30, கடைசியில் 40 அடி-இறாத்தல். 40 என்பது 54 நியூட்டன் மீற்றர். றொக்கர் தூணின் சின்ன நட்டுகள் 25, மனிபோல்ட் 15. கைக்கணக்கில் இறுக்குகிறவர்கள் நட்டுக்கு நட்டு ஒரே அளவு இழுக்கவே மாட்டார்கள், எவ்வளவு அனுபவம் இருந்தாலும்.

ரோர்க் றெஞ்ச் (இறுக்க அளவு காட்டும் ஸ்பானர்) இல்லையா? மீன் நிறுக்கிற சுருள் தராசு போதும். நட்டின் நடுவிலிருந்து கொளுவுகிற இடம்வரை சரியாக 60 செ.மீ. வருகிற நீளக் கைபிடியில் தராசைக் கொளுவி, கைபிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். 3.5 கிலோ காட்டினால் 15, 6.9 கிலோ 30, 9.2 கிலோ 40. சின்ன நட்டுக்கு 5.8 கிலோ.

வால்வு இடைவெளி குளிரில் 12 தௌ. எதை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஒன்பதுக் கணக்கு: றேடியேற்றர் பக்கமிருந்து எண்ணும்போது 8ஆவது வால்வு முழுதாகத் திறந்திருக்க 1ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்திருக்க 3, 4 திறந்திருக்க 5, 7 திறந்திருக்க 2. இப்படி இரண்டும் கூட்டி எப்போதும் ஒன்பது. தொடர்ந்து சுற்றினால் 1 திறக்க 8, 3 திறக்க 6, 5 திறக்க 4, 2 திறக்க 7.

ஓட்டிப் பார்த்து மறுபடி இறுக்குதல்

ஒயிலும் பில்டரும் புதிது. பழைய ஒயில் பால் நிறமாக இருந்திருந்தால், மலிவான ஒயில் விட்டு மெதுவாகப் பத்து நிமிடம் ஓட்டி, சூட்டோடு வடித்துவிட்டு நல்லதை விடுங்கள். தண்ணி ஏறக்குறைய 5 லீற்றர் பிடிக்கும். கிணற்றுத் தண்ணி வேண்டாம். பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணியோடு (அசிட் அல்ல) கூலன்ற் கலந்து விடுங்கள், அல்லது மாரியில் கூரைத் தூசு கழுவுண்ட பிறகு பிடித்து வைத்த மழைத்தண்ணியோடு. கூலன்ற் கொதிநிலையைச் சற்று உயர்த்துவதோடு இரும்பு துருப்பிடித்துச் சேறாவதையும் தடுக்கும்.

ஸ்ராட் செய்து, மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். முழுதாகக் குளிர்ந்த பிறகு றொக்கர் கவரைத் திறந்து, அதே ஒழுங்கில் ஒவ்வொரு நட்டாக எட்டில் ஒரு சுற்றுத் தளர்த்தி உடனே 40க்கு இறுக்குங்கள். ஒன்றை முடித்துத்தான் அடுத்தது. தளர்த்தாமல் மேலே இழுத்தால் புரியின் பிடிப்பு ரோர்க்கை ஏமாற்றும். ஹெட் கொஞ்சம் கீழே இறங்கியிருப்பதால் வால்வு இடைவெளியும் மாறியிருக்கும், திரும்பப் பாருங்கள். 500 கிலோமீற்றரில் இதையே இன்னொரு தடவை.

அதுவரை பாரம் ஏற்றவேண்டாம். முதல் நீண்ட ஓட்டத்தில் முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த நிற்கிற நேரத்திலேயே பொனெற்றைத் தூக்கி ஒரு சுற்றுப் பாருங்கள், ஆனால் றேடியேற்றர் மூடியில் கைவைக்கவேண்டாம். முதல் இரண்டு மூன்று நாளில் காற்று வெளியேறி மட்டம் ஒரு கோப்பையளவு இறங்குவது வழமை. அதற்குப் பிறகும் தினமும் இறங்கினால் உடனே ஹெட்டைக் குறைசொல்லாமல், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணிப் பம்பின் அடித்துளையிலும் பைபாஸ் கிளிப்புகளிலும் வெள்ளைக் கறை காய்ந்திருக்கிறதா என்று ரோர்ச் அடித்துத் தேடுங்கள்.